உயிரோடு இருந்த தங்கைக்குத் திதி

என் தங்கை உயிரோடு இருக்கும்போதே அவளுக்குக் கருமாதி செய்தவன் நான். அதற்குப் பதினாறு நாள் முன்னால் பாடாலூர் பஸ் நிறுத்தத்தில், பட்டப்பகலில், அவள் புருஷனின் வலது முழங்காலைச் சம்மட்டியால் உடைத்தவனும் நான்தான். இரண்டையும் கோபத்தில் செய்தேன் என்று இத்தனை நாள் சொல்லி வந்தேன். அது பொய். யோசித்துத்தான் செய்தேன்.

அப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மேற்பார்வை வேலை எனக்கு. நிலவியல் படித்தவன். எந்தப் பாறையை எந்த இடத்தில் தட்டினால் பிளக்கும் என்று எனக்குத் தெரியும். முழங்காலை முன்பக்கமாக அடித்தால் சில்லு மட்டும் போகும், பக்கவாட்டில் அடித்தால் மூட்டே போகும் என்பதும் தெரியும். நான் பக்கவாட்டில் அடித்தேன்.

தங்கை புருஷனின் தாத்தா பூலாம்பாடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். இரண்டு தலைமுறை கழித்து, அரசாங்க ஒப்பந்தப்படி அந்தக் குடும்பம் திரும்பி வந்தது. அப்பா அம்மாவைக் கொண்டுவந்து சேர்க்க வந்த மகன், இலங்கை பாஸ்போர்ட்டோடு, ஊரிலேயே கரண்டு வேலை பார்த்துக்கொண்டு தங்கிவிட்டார். எங்கள் வயல்களில் வேலை செய்தவர்களின் தெரு அவருடைய தெரு. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. என் தங்கை அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.

இருவரும் ராமேஸ்வரம் போய் அங்கிருந்து கப்பலேறப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. அந்தக் காலத்தில் அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கத்து ஜீப்பை எடுத்துக்கொண்டு பங்காளிகள் இருவரோடு பாடாலூருக்குப் போனேன். டீக்கடை நிழலில் திருச்சி பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் ஓடவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார்.

"மச்சான், பேசிக்கலாம்" என்றார்.

"யாருக்குடா மச்சான்?"

பங்காளிகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று அடி. முதல் அடியிலேயே காலுக்கு ஆக வேண்டியது ஆகிவிட்டது. மற்ற இரண்டும் அந்த ஒரு சொல்லுக்கு. தங்கை என் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினாள். அவள் முகத்தில் ஓங்கி அறைந்தேன். காதிலிருந்து ரத்தம் வந்தது. டீக்கடைக்காரர் "எந்த ஊருங்க?" என்று கேட்டார். பங்காளி ஊரையும் சாதியையும் சொன்னதும் பாய்லருக்குத் திரும்பிப் போய்விட்டார். கடைசியில் ஒரு லாரி டிரைவர்தான் அவர்களைத் திருச்சிக்கு ஏற்றிப் போனார். கடித்த தழும்பு என் கையில் இன்னும் இருக்கிறது.

பதினாறாம் நாள் ஊரையே வேனில் ஏற்றித் திருமழபாடிக்குப் போனோம். கொள்ளிடக் கரையில் ஐயர் தயங்கினார். "உடம்பு எங்கே?" என்று கேட்டார். "உடம்பு இல்ல, பேரு மட்டும் எழுதிக்குங்க" என்றேன். தர்ப்பையில் ஒரு பொம்மை செய்து, அவள் பெயரைச் சொல்லி, எரித்தோம். அம்மா ஆற்று மணலில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நான் தலைமுழுகி எழுந்தேன். அதிலிருந்து ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது, அவளுக்கும் சேர்த்து விட்டேன். முதலில் வீம்புக்கு. பிறகு பழக்கமாகிவிட்டது. பழக்கமானதுதான் கொடுமை என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு தடவை எலும்பு உடையும் சத்தத்தைக் கேட்டவனுக்கு அடிப்பது சுலபமாகிவிடுகிறது. சுரங்கத்தில் கூலியாட்களை அடித்தேன். வீட்டில் மனைவியை அடித்தேன். அவள் ஒரு சொல் எதிர்த்துப் பேசாமல் செத்துப்போனாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவும் போனாள். அவளுடைய பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஏழு கடிதங்கள் இருந்தன. எல்லாம் இலங்கைத் தபால்தலை ஒட்டியவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்னிடம் கொடுக்க முடியுமா?

முதல் கடிதத்தில் இரண்டே வரி: "அம்மா, அவரு நடக்க ஆரம்பிச்சிட்டாரு. கம்பு ஊனித்தான்." கடைசிக் கடிதத்தில் ஒரு போட்டோ இருந்தது. மலை நடுவே வளைவு வளைவாக ஒரு ரயில் பாலம், முன்னால் ஓர் இளநீர்க் கடை, கடைக்குள் நரைத்த தலையோடு என் தங்கை. பெரம்பலூரில் பயண ஏற்பாடு செய்கிறவரிடம் அந்தப் பாலத்தைக் காட்டினேன். "இதுவா சார்? எல்லன்னு ஒரு ஊரு, அது பக்கத்துல இருக்குற ஒன்பது வளைவுப் பாலம். நம்ம டூர்லயே வருது" என்றார்.

அப்படித்தான் பன்னிரண்டு பேரோடு திருச்சியில் விமானம் ஏறினேன். என் பக்கத்து இருக்கைக்காரர் பாடாலூரைச் சேர்ந்த ஓய்வு பெற்ற பேங்க் ஊழியர். பாடாலூர் என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டுத் தழும்பைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

முதலில் தெற்குக் கடலோரத்தில் காலி என்கிற ஊரின் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று பக்கமும் கடல் மோதும் மதில். போர்ச்சுகீசியர் தொடங்கியதை டச்சுக்காரர் பிடுங்கிப் பெரிதாக்கினார்கள், பிறகு ஆங்கிலேயர் பிடுங்கினார்கள் என்று வழிகாட்டி சொன்னார்.

"ஒருத்தன் கட்டுனத இன்னொருத்தன் புடுங்கிக்கிட்டான். நம்மூரு பங்காளிச் சண்டயேதான் சார்" என்றார் பாடாலூர்க்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் மதிலைத் தடவிப் பார்த்தேன். பவளக்கல். கடலிலிருந்து வெட்டி எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். அரியலூரில் நான் வெடி வைத்துப் பிளந்த கல்லிலும் இதுபோலச் சங்கும் சிப்பியும் இருக்கும். எங்கள் மண்ணும் ஒரு காலத்தில் கடலடிதான். கைதிகளை அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் ஓர் இருட்டறையை எட்டிப் பார்த்தோம். தலைகுனிந்துதான் நுழைய முடியும். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். உள்ளே சிறிது நேரம் நின்றேன். கல்லில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

மறுநாள் மலை ஏறினோம். அருவிகள் ரோட்டோரமாகவே விழுந்தன. குன்று குன்றாகத் தேயிலை, தலை சீவிய மாதிரி. நுவரெலியாவில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்திருந்தார்கள். குதிரைப் பந்தய மைதானம், புகைபோக்கி வைத்த வீடுகள், மணிக்கூண்டோடு செங்கல் நிறத்தில் ஒரு தபால் நிலையம். அம்மாவின் பெட்டியில் இருந்த கடிதம் ஒன்றில் இந்த ஊர் முத்திரைதான் குத்தியிருந்தது. அந்தப் படிகளில் ஏறி என் தங்கை தபால் போட்டிருக்கிறாள். ரோஜாச் செடிகளுக்கு முன்னால் நின்று பாடாலூர்க்காரர் என்னைப் படம் எடுத்தார். "சிரிங்க சார், துக்க வூட்டுக்கா வந்துருக்கீங்க?" என்றார்.

பழைய துரை பங்களா ஒன்றில் டீ கொடுத்தார்கள். சுவரில் மான் தலை, சிறுத்தைத் தோல். அதன் பக்கத்தில் கண்ணாடி போட்ட பழைய போட்டோ. கூடை சுமந்த பெண்கள் வரிசையாக நிற்க, ஓரத்தில் கூலிகளை மேய்க்கும் கங்காணி. வேட்டி, கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு. துரையின் முகத்தைவிட அந்த முகம் எனக்கு நெருக்கமாக இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா போட்டோவில் இப்படித்தான் நிற்கிறார்.

எல்லவில் இறங்கியதும் கூட்டத்தை விட்டுவிட்டுத் தண்டவாளத்தோடு முன்னால் நடந்தேன். ஒரு சுரங்கப்பாதையைத் தாண்டியதும் பாலம். பள்ளத்தாக்கின் குறுக்கே ஒன்பது வளைவுகள், பாசி படிந்து, ஒரு பக்கமாக வளைந்து போகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பாலத்தைக் கடந்தால், சரிவில் அந்தக் கடை.

அவள் செவ்விளநீர் சீவிக்கொண்டிருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கத்தி ஒரு நொடிதான் நின்றது. பிறகு அடுத்த காயைச் சீவினாள், தேவைக்கு மேல் ஆழமாக. தண்ணீர் பீய்ச்சி அவள் முகத்தில் அடித்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் கம்பை ஊன்றி எழுந்தார். வலது கால் மடங்கவில்லை. நான் குனிந்து அவர் காலில் விழுந்தேன். நெற்றி அந்த முழங்காலில் பட்டது. எலும்பு பொருந்தாமல் கூடி, கல் மாதிரிப் புடைத்திருந்தது.

"எந்திரிக்கச் சொல்லுங்க" என்றாள் தங்கை. என்னிடம் இல்லை, அவரிடம். "வயசுல பெரியவங்க கால்ல வுழுந்தா நமக்குத்தான் ஆகாது. இதுலயும் நமக்கே கெடுதலா?"

"அடி, திட்டு, எதுவானாலும் செய்" என்றேன்.

"செத்தவ எப்படி அடிப்பா?" கத்தியை மரக்கட்டையில் கொத்தி நிறுத்தினாள். "வருஷா வருஷம் எள்ளுந்தண்ணியும் வுட்டீங்களாமே. ஊர்லேருந்து வந்தவங்க சொன்னாங்க. தாகம் தீரலீங்க."

அண்ணே என்று கூப்பிடவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கடல் தாண்டி வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"பாலம் பாக்கத்தானே வந்தீங்க? போய்ப் பாத்துட்டு வாங்க. அவரு கூட்டிட்டுப் போவாரு. அவரு நடக்குற நடையில நடங்க."

நடந்தோம். அவர் கம்பை வைப்பார், நல்ல காலை வைப்பார், பிறகு அந்தக் காலை இடுப்பிலிருந்து அரைவட்டமாகச் சுழற்றிக் கொண்டுவருவார். ஜல்லிக்கல்லில் ஒவ்வோர் அடிக்கும் மூச்சு ஒரு தடவை அறுந்தது. நான் இரண்டு நிமிஷத்தில் கடந்த பாலம். கால் மணி நேரமாகியும் பாதிகூட வரவில்லை. பள்ளத்தாக்கைப் பார்க்கச் சொன்னார். கீழே வாழையும் தேயிலையும். "இரும்பே போடாம கட்டுனதும்பாங்க மச்சான். கல்லு, செங்கல்லு, சிமெண்டுதான்." நாற்பது வருஷம் கழித்து அதே சொல். இம்முறை "ஆமாங்க மாப்ள" என்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"எங்க தாத்தா ஏன் இங்க வந்தாருன்னு தெரியுமா?"

"பஞ்சத்துலன்னு சொல்லுவாங்க."

"உங்க தாத்தா களத்து மேட்டுல கட்டி வச்சு அடிச்சாராம். ரெண்டு கதிரு மடியில இருந்துச்சுன்னு. வெள்ளக்காரன் அடி தேவலாம்னு கப்பலேறிட்டாரு." சிரித்தார். "இங்க வந்து பாத்தா, கங்காணியும் நம்மூரு ஆளுதான்."

ரயில் வந்தது. இருவரும் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றோம். என்னைத் தள்ளிவிட ஒரு விரல் போதும். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சுவர்ப் பக்கம் நிறுத்தினார். ரயில் போன பிறகுதான் கையை எடுத்தார்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தங்கை கடையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊரக் கூட்டித்தானே நான் செத்துட்டேன்னு சொன்னீங்க. அதே மாதிரி ஊரக் கூட்டி, உசுரோட இருக்கேன்னு சொல்லுங்க. இவரு கால யாரு ஒடச்சான்னும் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

ஊர் திரும்பிய அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் விருந்து வைத்தேன். என் வயசுக்கு ஏதோ சாந்தி செய்கிறேன் என்று நினைத்து எல்லோரும் வந்தார்கள். அவருடைய தெருவுக்கும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அவர்கள் மண்டபத்துக்குள் வராமல் ரோட்டில் நின்றார்கள். இலை போடும் முன்னால் மைக்கைப் பிடித்தேன். "என் தங்கச்சி உயிரோட இருக்கா. அவ புருஷன் கால ஒடச்சது நான். கையப் புடிச்சிக்கிட்டது ரெண்டு பேரு" என்றேன். பேர் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை. அன்று கையைப் பிடித்தவர்களில் ஒருவன் இறந்துவிட்டான், இன்னொருவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

"கெழவா, எங்கப்பன ஏண்டா இழுக்குற?" என்று இறந்தவனின் மகன் மேடை ஏறினான். இரும்பு நாற்காலியால் தோளில் அடித்தான். காறை எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. எனக்குப் பழகிய சத்தம். விழுந்த பிறகு வாயில் மிதித்தான். இரண்டு பல் போனது. சாம்பார் அண்டா கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது. மண்டபத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. ரோட்டில் நின்றவர்களில் ஒருவர்தான் ஆட்டோவை உள்ளே விட்டு என்னைத் தூக்கிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அடித்தவன் மேல் நான் புகார் கொடுக்கவில்லை. என் மேல் தங்கையும் மாப்பிள்ளையும் கொடுக்காத புகார் ஒன்று இருக்கிறது.

மூன்றாம் நாள் போன் வந்தது. இலங்கை எண். அவருடைய தெருவிலிருந்து யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க அடி?" என்றாள்.

"தோளுல. பல்லு ரெண்டு."

"நடக்க முடியுதா?"

"முடியுது."

அவளுக்குப் பின்னால் ரயில் சத்தம்.

"அவரு நடக்க ஒன்பது மாசம் ஆச்சு" என்றாள். வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இந்த ஆடி அமாவாசைக்குத் திருமழபாடி போனேன். வலது கையை முழுதாகத் தூக்க முடியவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு எழுந்தேன். பழைய ஐயரின் மகன்தான் இப்போது செய்துவைக்கிறார். நோட்டைப் பார்த்து, "இன்னும் ஒரு பேர் இருக்கே, தங்கைன்னு?" என்றார்.

"அடிச்சிடுங்க சாமி" என்றேன். "அவ இருக்கா."