மைனருக்கு மூன்று யூனிட்

சாணார்பட்டியில் ஜக்கம்மாளின் மாவு மில்லுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது ஜக்கம்மாள் அல்ல. தராசுக்குப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கும் மைனர்தான். ஒன்பது வயதுக் கடுவன் பூனை. எலி பிடிக்க வந்தவன், வந்த வேலையை இரண்டே வருடத்தில் கைகழுவிவிட்டு, தெருவெல்லாம் பால்சோறு தின்று உடம்பை வளர்த்தான். ஜக்கம்மாளுக்கு அவன்மேல் கோபமே வராது. கணவர் போன பிறகு வீட்டில் அவள் பேச்சைக் கேட்க இருக்கும் ஒரே ஜீவன் அவன்.

போன வருடம் சித்திரையில் மைனர் ஓயாமல் தண்ணீர் குடித்தான்; உடம்போ இளைத்துக்கொண்டே போனது. கம்பிக் கூடையில் போட்டு, பஸ் ஏறி, திண்டுக்கல்லில் கால்நடை டாக்டர் பிராங்க்ளினிடம் கொண்டுபோனாள். சர்க்கரை நோய் என்றார் அவர். அதைக் கேட்டு, மில்லுக்கு மிளகாய் அரைக்க வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பூனைக்குச் சுகராம்ல! அடுத்து பிரஷரும் வரும் பாரு."

ஜக்கம்மாள் சிரிக்கவில்லை. பதினோரு வருடம் கணவருக்கு இன்சுலின் போட்ட கை அது. மைனர் தட்டில் தலையைக் கவிழ்த்திருக்கும்போதே பிடரித் தோலைத் தூக்கி ஊசியைப் போட்டு எடுத்துவிடுவாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

காலையில் ஒரு யூனிட், மாலையில் ஒரு யூனிட். சோறும் பாலும் கூடவே கூடாது. வேகவைத்த மீன், கோழி மட்டும். காதோரம் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"ஒருநாள் கூடிருச்சேன்னு டோஸை ஏத்திராதீங்கம்மா" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். "மனுசனுக்கு ரெண்டு யூனிட் பெரிசில்ல. இவன் நாலு கிலோ. அரை யூனிட் மாத்துறதுன்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க."

தலையாட்டிவிட்டு வந்தாள். ஆவணி முடிவதற்குள் முந்நூற்றைம்பதில் இருந்த சர்க்கரை நூற்றைம்பதுக்கு இறங்கியது. மைனரின் ரோமம் மறுபடி மினுமினுத்தது.

பிறகு புரட்டாசி பிறந்தது.

ஜக்கம்மாள் வீட்டில் புரட்டாசி என்றால் கவிச்சிச் சட்டி பரணுக்குப் போய்விடும். முப்பது வருடமாய்ப் பெருமாளுக்கு இருக்கும் விரதம். சனிக்கிழமை மாவிளக்குக்கு ஊரே பச்சரிசி அரைக்க அவளிடம்தான் வரும். அங்கே மீன் வேகலாமா? மீன்கார வாஜித்கூட அந்த மாதம் மில் பக்கம் வண்டியை நிறுத்துவதில்லை. ஆகவே மைனருக்குப் பழையபடி பால்சோறு, தயிர்சோறு. தின்றவனுக்கும் பரம சந்தோஷம்.

சர்க்கரை முந்நூறு காட்டியது. அப்புறம் முந்நூற்று நாற்பது. சோற்றுக்கும் இதற்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவில்லை. ஊசி பத்தவில்லை என்று முடிவுகட்டினாள். டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். இதற்கெல்லாமா அவரைத் தொந்தரவு செய்வது என்ற தயக்கம் பாதி, நமக்குத் தெரியாத ஊசியா என்ற மெத்தனம் பாதி. ஒன்று ஒன்றரையானது, இரண்டானது, மாதக் கடைசியில் மூன்றில் வந்து நின்றது.

ஐப்பசி ஒன்றாம் தேதி வாஜித்திடம் மத்தி மீன் வாங்கினாள். மைனர் இரண்டு வேளையும் முள்ளைக்கூட விடவில்லை. மறுநாள் காலை மில்லில் கூட்டம். காதைக் குத்திப் பார்க்க நேரமில்லை. மீனை வைத்து, வழக்கம்போல மூன்று யூனிட் போட்டுவிட்டு மோட்டாரை ஓட்டினாள். பத்து மணிக்கு மைனர் பின்னங்கால் பின்ன நடந்து வந்து, மல்லி மூட்டையருகே சரிந்தான். கண் திறந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. காதைக் குத்தி மெஷினில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டு. உடனே டாக்டருக்குப் போன் போட்டாள்.

"சாப்பாடு ஏதும் மாத்துனீங்களாம்மா?" என்றார் டாக்டர் போனில்.

"ஒண்ணும் மாத்தலயே சார். புரட்டாசி முடிஞ்சதுன்னு மீனு வச்சேன்..." சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. "அய்யோ சார், ஒரு மாசமா சோத்தைப் போட்டு, அதுக்குன்னு ஊசிய மூணு வரைக்கும் ஏத்திட்டேனே! இப்ப சோறு இல்ல, ஊசி மட்டும் அதே மூணு போட்டிருக்கேன்."

"சீனியைக் கரைச்சு ஈறுல தடவுங்க. வாயில ஊத்தாதீங்க, புரையேறிரும். தடவிக்கிட்டே கிளம்பி வாங்க."

வாஜித் தன் வண்டியிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "ஏறுங்கக்கா" என்றான். வழி நெடுக அவள் மைனரின் ஈறில் சீனித் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தாள். தப்புப் பண்ணியது நான், அவனை விட்டுவிடு பெருமாளே என்று வாய்விட்டுச் சொன்னாள். திண்டுக்கல் எல்லையைத் தொடும்போது மைனர் அவள் விரலைக் கடித்தான். ரத்தமே வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது. டாக்டர் திட்டவில்லை. "புரட்டாசியப் பத்தி நானும் கேக்கல, நீங்களும் சொல்லல" என்றார். மறுபடி ஒரு யூனிட்டிலிருந்து தொடங்கினார்கள். அதற்குப் பிறகு அவரைக் கேட்காமல் அவள் அரைப் புள்ளிகூட நகர்த்தியதில்லை. இந்த ஆடியில் அவரே அதை அரை யூனிட்டாகக் குறைத்தார்.

இந்த வருடமும் புரட்டாசி வந்தது. விரதத்தை விடுவதா, பூனையை விடுவதா என்று அவள் குமைந்ததை வாஜித்தின் மனைவி பாஸிலாதான் கேட்டு முடித்துவைத்தாள்.

"நீங்க ஏன்க்கா விரதத்தை விடுறீங்க? எங்க வீட்டுல வேக வச்சு வைக்கிறேன். ரெண்டு வேளையும் அவனைத் தூக்கிட்டு வாங்க."

முதல் சனிக்கிழமை. மாவிளக்குக்குப் பச்சரிசி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதில் போனை வைத்து, மறு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள் ஜக்கம்மாள்.

"சார், சாப்பாடு மாறல. அரை யூனிட்தான் போட்டேன். நாலு நாளா எண்பது, எண்பத்தஞ்சுன்னே காட்டுது. இன்னைக்கு இன்னும் போடல. பயமா இருக்கு. என்ன செய்ய?"

இரைச்சலில் பதில் காதில் விழவில்லை. மோட்டாரை நிறுத்தினாள்.

"நிறுத்திருங்கம்மா" என்றார் அவர். "வாரம் ரெண்டு தடவை ரத்தம் மட்டும் பாருங்க. மீன் சாப்பாட்டுலயே சர்க்கரை அடங்கி நிக்குது, பூனைக்குச் சில சமயம் அப்படி ஆகும். இப்போதைக்கு அவனுக்கு ஊசியே வேணாம்."

"என்னக்கா, மறுபடி ஏத்தச் சொல்லிட்டாரா?" என்று பதறினாள், தூக்குவாளியோடு நின்ற ஒரு பெண்.

"இல்லடி. போடவே வேணாமாம்!"

மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அரைக்க வந்தவர்கள் அவள் எழும்வரை காத்திருந்தார்கள்.