செய்வினையும் செயப்பாட்டுவினையும்

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலை எனக்கு. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். நாலு பேர் நடுவே எனக்கு நாக்கு எழாது.

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் துரை வரப்போகிற வாரம். முற்பகலில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இங்கிலீஷ் வாத்தியார், "செய்வினையைச் செயப்பாட்டுவினையா மாத்துங்கலே" என்றார். நான் எழுந்து கதவோரம் போய் நின்றேன். எங்கள் வீட்டில் செய்வினை என்றால் சூனியம். என் அக்காவுக்கு அவள் மாமியார் வைத்தது என்று அம்மா சொல்லிவந்தாள்.

"மொதல்ல தமிழ்ல பாருங்கலே. வேடன் மானைக் கொன்றான். மான் வேடனால் கொல்லப்பட்டது" என்றார் வாத்தியார். இலக்கணம்தான் என்று மூச்சு விட்டேன். அப்போது ஒருவன் எழுந்து, "சார், கயிறு அவுந்துட்டுன்னா?" என்றான்.

"தானா அவுருமாலே? அவிழ்க்கப்பட்டதுன்னு எழுது. யாரால்? இங்கிலீஷ்ல ‘by’ போட்டு ஆள எழுதுலே."

"கன்னுக்குட்டியால சார்!" என்று எவனோ கத்த, வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், அக்காவுக்குச் சித்தம் கலங்கியது. அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் தெளியும் என்று, சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனோம். சத்திரத்துத் தூணோடு அம்மா அவள் கையைக் கட்டியிருந்தாள். ஒரு மத்தியானம் அம்மா அரிசி வாங்கப் போன சமயம், "ஏலே, கை எரியுதுலே. கொஞ்சம் அவுத்து விடு" என்றாள் அக்கா. அவிழ்த்தேன். மணிக்கட்டைத் தடவிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள். நான் செம்போடு திரும்பியபோது அவள் இல்லை. அருவிக்கரை, மலைப்பாதை, இலஞ்சித் தோப்புகள் எல்லாம் தேடினோம். கிடைக்கவேயில்லை.

"கெட்டு அவுந்துட்டும்மா" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"வச்சவதான் அவுத்துருக்கா" என்று அம்மா சம்பந்தி வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றினாள். ஊர் நம்பியது. அந்த அம்மாள் கையால் யாரும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. சாரல் விழும் நாட்களில் எனக்குப் பின்னால் ஈரத்தரையில் காலடி கேட்கும். திரும்பிப் பார்க்கமாட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, கெட்டு தானா அவுரல. நாந்தான் அவுத்தேன்."

அம்மா ஆய்வதை நிறுத்தவில்லை. கீரை முழுவதும் முடிந்த பிறகு, "அவளாக் கேட்டாளா?" என்றாள்.

"ஆமா. கை எரியுதுன்னா."

"இறுக்கித்தாம்லே கெட்டினேன்" என்றாள். பிறகு, "அந்தப் பொம்பளைய என்ன பாடு படுத்திட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை இருவரும் சம்பந்தி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினோம். வந்திருப்பது யார் என்று அம்மா தன் பெயரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டாள். உள்ளே இருமல் கேட்டது. வெயில் ஏறும் வரை நின்றோம். அவள் திறக்கவில்லை.