சிவப்புக் கோடு போட்ட அட்டை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். 1966 மழைக்காலத்தில், பம்பாய் செம்பூரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் இது நடந்தது. அங்கே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த வேங்கடசுப்ரமணியன் பொய் சொல்கிறவர் இல்லை. அதற்குக்கூட அவரிடம் தெம்பு கிடையாது.

அந்த நாளில் புரோகிராம் என்றால் ஓட்டை போட்ட அட்டைகளின் அடுக்கு. தப்பு வந்தால் யாரும் உட்கார்ந்து திருத்தி எழுத மாட்டார்கள். அவசரத்துக்கு ஓர் ஒட்டு அட்டையைச் சொருகி, அதன் விளிம்பில் சிவப்புக் கோடு இழுப்பார்கள். தற்காலிகம் என்று அர்த்தம். போட்டவர்தான் அதை எடுக்க வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். எடுத்தவர் ஒருவரும் இல்லை. அடுக்கின் விளிம்பே சிவந்து கிடந்தது. ஓரிடத்தைத் தொட்டால் வேறெங்கோ உடையும். உடனே மாட்டுங்காவில் சோற்றில் கை வைத்திருக்கும் வேங்கடசுப்ரமணியனைத் தேடி ஆள் வரும்.

கும்பகோணத்தில் அவருக்கு மகள் பிறந்து ஏழு மாதம். இன்னும் முகம் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுதி ஓட்டிக் காட்டினால்தான் லீவு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மனிதர் மாடாய் உழைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய ஒட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அவருக்கு முன் அந்த வேலையில் இருந்த கணேசபாண்டியன் போட்டது. சாப்பிட்டு வந்து சரி செய்கிறேன் என்று போனவர், மாஹிம் ஸ்டேஷனில் ரயிலில் அடிபட்டுச் செத்துப் போனார்.

வேங்கடசுப்ரமணியன் அந்த அட்டையை உருவிக் குப்பைக் கூடையில் போட்டார். மெஷினை ஓட்டினார்.

நின்றுவிட்டது.

அடுக்கைப் புரட்டினார். சிவப்புக் கோடு... அதே இடத்தில்.

அசதியில் எடுக்காமல் விட்டிருப்போம் என்று நினைத்தார். இந்தத் தடவை நாலாகக் கிழித்துப் போட்டார்.

பக்கத்து அறையில், அட்டையில் ஓட்டை போடும் பஞ்ச் மெஷின் சத்தம். டக்... டக்... டக்...

"ஜெயினுலாப்தீன்!"

மெஷின் ஓட்டும் ஜெயினுலாப்தீன் தாராவிக்காரர், எதற்கும் அசராத ஆள். அவர் இவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் இங்கனதான் நிக்கேன் ஸார்."

சத்தம் நின்றது.

அடுக்கில் அட்டை இருந்தது. தொட்டார்.

சூடு.

சிவப்பு மை இன்னும் காயவில்லை...

பயம்தான். ஆனால் பயத்தைவிட அலுப்புப் பெரிதாக இருந்தது. செத்த பிறகுமா இந்த வேலை என்று கணேசபாண்டியனுக்காக அவருக்கு அழுகை வந்தது. அந்த அட்டையைத் தாண்டிப் போகும்படி தானே ஓர் ஒட்டு அட்டை அடித்துச் சொருகினார். சிவப்புக் கோடு இழுத்தார். "லீவு முடிஞ்சு வந்து எடுத்துடறேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

அடுக்கு ஓடியது. அன்றைக்கே ரயில் ஏறினார். மகளைக் கையில் வாங்கியதும் பம்பாயே வேண்டாம் என்று வேலையை விட்டுவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காக மாட்டுங்கா வந்தபோது தெருவில் ஜெயினுலாப்தீனைப் பார்த்தார். அவர் திடுக்கிட்டு ஒதுங்கினார்.

"ஸார்... நீங்க ஊருக்குப் போவலியா?"

"அப்பவே போயிட்டேனே. ஏன்?"

"ஒங்க அட்டையத் தூரப் போட்டோம். திரும்ப வந்துட்டு. ஞாயித்துக்கெழம மத்தியானம் இப்ப ரெண்டு பஞ்ச் மெஷின் ஓடுது. ஒண்ணுல... நீங்க இருந்திய ஸார். நானே பாத்தேன்."

வாராவாரம் மனைவி கேட்பது வேங்கடசுப்ரமணியனுக்கு நினைவுக்கு வந்தது.

"ஞாயித்துக்கிழமை சாப்டுட்டுப் படுத்தேள்னா எழுப்பவே முடியறதில்லை. எழுந்திருக்கறப்போ கட்டைவிரல்ல ஏது இந்தச் சிவப்பு மை?"