சத்தம் வந்தால் மட்டும்

"அண்ணா, ஒரு நட வந்துட்டு போங்களேன். கம்ப்யூட்டர்ல அவரு பேசினத காணோம்."

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வியின் போன். கருவடிக்குப்பத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. அவள் கணவர் குமரவேலின் குரலை நீங்கள் — புதுச்சேரிக்காரராக இருந்தால் — நிச்சயம் கேட்டிருப்பீர்கள். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, தீமிதித் திருவிழா, கண்ணீர் அஞ்சலி... தெருத்தெருவாகப் போகும் விளம்பர ஆட்டோக்களில் பாதி அவர் குரல்தான்.

தொண்டையில் புற்றுநோய். கோரிமேடு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். உயிர் தப்பியது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

அட்மிட் ஆவதற்கு முந்தின நாள், ரெக்கார்டிங் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்விக்காக வெகுநேரம் பேசிப் பதிவு செய்திருக்கிறார். அறை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள் — பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேஜை, ஒரு மைக். "வந்தப்புறம் ரெண்டு பேரும் சேந்து கேக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஊருக்கெல்லாம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயே திறக்காத மனிதர் அவர். செல்வி அந்தப் பதிவுக்காக எப்படிக் காத்திருந்திருப்பாள்!

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியின் ஆடியோவை அவரிடம்தான் பதிவு செய்வேன். அதனால் அந்த சாஃப்ட்வேர் எனக்குக் கொஞ்சம் பழக்கம். இருவரும் பக்கத்தில் நிற்க, செட்டிங்ஸைத் திறந்தேன். ரெக்கார்டிங் பக்கத்தில் ஒரு கட்டத்தில் டிக் இருந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சத்தம் வந்தால் மட்டும் பதிவு செய்.



அந்த டிக்கைப் போட்டது அவரேதான். விளம்பரத்தில் மூச்சு, ஃபேன் சத்தம், இடைவெளி எதுவும் கூடாது. "கேப்பு வுட்டா ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போயிடும் சார்" என்பார். அந்தக் குரலுக்கு அது சரி. ஆனால் பெண்டாட்டியிடம் மனசு விட்டுப் பேசுகிறவர் கத்தியா பேசுவார்? தாழ்ந்த குரலில் சொன்ன அத்தனையையும், சத்தமே வரவில்லை என்று கம்ப்யூட்டர் விட்டுவிட்டது.

மிச்சம் ஒரு இருமல். அப்புறம், முழுத் தொண்டையில் ஒரே ஒரு வாக்கியம்.

"செல்வி, டேங்க் ரொம்பி வழியுது பாரு, மோட்டர ஆஃப் பண்ணு."

செல்வி அவர் பக்கம் திரும்பினாள். "என்னதாங்க சொன்னீங்க?"

குமரவேல் உதட்டை அசைத்தார். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி அசைத்தார். அப்புறம், எழுதிக் காட்டுகிற விஷயமா அது என்பதுபோல், கையை விரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நம் வீடுகளிலும் இதே கதைதானே? யார் எப்போது கத்தினார்கள் என்பது வருஷக்கணக்கில் ஞாபகம் இருக்கிறது. மெதுவாகச் சொன்னதெல்லாம்... எங்கே போகிறது?

கிளம்பும்போது செல்வி தன் போனை நீட்டினாள். "அந்த மோட்டரு... அத இதுல ஏத்திக் குடுங்கண்ணா."

ஏற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து குமரவேலின் கணீர்க் குரல். "செல்வி, டேங்க் ரொம்பி வழியுது பாரு..." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

அன்று எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்தே கரண்ட் இல்லை.