பாத்திரத்தில் மீதி இருந்தது

கீழப்பழுவூர் கோயில்களுக்கு எப்படிப் போவது, அப்படியே பெரம்பலூர் பக்கமும் ஒரு சுற்று சுற்றிவர முடியுமா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். வழி சொல்கிறேன். போன மாதம் நானே போய்விட்டு வந்தேன். ஆனால் குன்னம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சின்ன சர்ச் ஒன்றுக்குள் நுழைந்து, அங்கே ஒருவர் பெருமையாகச் சொன்ன கதையைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அதைச் சொல்லாமல் பஸ் ரூட் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த ஊருக்கு நான் முதல்முறை போனது எண்பத்திரண்டிலோ மூன்றிலோ, ஐப்பசி மாதம்.

என்னைக் கூட்டிப்போனது எஸ்தர் சித்தி, அம்மாவின் தங்கை. நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரியலூர் சுற்று வட்டாரத்தில் புளியமரத்தடிகளில் உட்கார்ந்து தொழுநோய்க்காரர்களுக்கு மாத்திரை கொடுப்பதும், அவர்கள் கால் புண்ணைக் கழுவிக் கட்டுவதும்தான் அவள் வேலை. லீவுக்குத் திருச்சி வந்தவள், டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னைப் பார்த்து, "சும்மாதானே கெடக்குற, வாடி. ஒரு நல்ல காரியத்துக்குப் போறேன்" என்றாள். நானும் பையைத் தூக்கிக்கொண்டேன்.

திருச்சியிலிருந்து அரியலூர் எழுபது கிலோமீட்டர். சனிக்கிழமை காலை பாசஞ்சர் ரயில், ஆடி அசைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஸ்டேஷன் வாசலில் தேவசகாயம் என்பவர் எங்களுக்காக நின்றிருந்தார். கூலி வேலை செய்கிறவர். சித்தியிடம் வருஷக்கணக்கில் மருந்து சாப்பிட்டு முழுசாகக் குணமானவர். வலது கையில் இரண்டு விரல் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. நோய் போய்விட்டது, விரல் நிமிரவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு அந்த இரண்டு விரல் போதுமே.

குன்னம் பஸ்ஸில் கண்டக்டர் அந்தக் கையைப் பார்த்ததும், "பெரியவரே, பின்னாடி டயர் மேல போய் ஒக்காரு" என்றார். முன்னால் இடம் காலியாகக் கிடந்தது. சித்தி எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் குலுங்கிக் குலுங்கி எனக்கு முதுகு விட்டுப்போனது. குன்னத்தில் டீ குடித்தோம். எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ். சேரிக்காரர்களுக்கு வெளியே ஆணியில் மாட்டிய அலுமினியத் தம்ளர். தேவசகாயத்துக்கு அதுவும் இல்லை, கொட்டாங்கச்சி. சாதிக்கு ஒரு பாத்திரம், சீக்குக்கு ஒரு பாத்திரம். காசு மட்டும் எல்லாருக்கும் ஒரே காசு.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. மழை பெய்த கரிசல் மண், செருப்பில் ஒட்டினால் ஆளையே பிடித்து நிறுத்தும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பருத்திக் காட்டு வரப்பில் நடந்தோம். அப்போதுதான் தேவசகாயம் விஷயத்தை முழுசாகச் சொன்னார்.

"நாளைக்குத் திருவிருந்துங்க. பூலாம்பாடிலேர்ந்து எம் பொண்ணு ரூபியப் பாத்துட்டுப் போனவங்க வராங்க. பையனுக்குப் பிடிச்சுப்போச்சு. அவங்கம்மாதான், கோயில்ல ஒங்கள எப்புடி நடத்துறாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்னுட்டாங்க."

"ஐயருகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள் சித்தி. அந்தச் சபையில் போதகரை ஐயர் என்றும் சர்ச்சைக் கோயில் என்றும்தான் சொல்வார்கள்.

"சொன்னேங்க. ஜெபம் பண்ணுவோம்னாரு."

எனக்கு அப்போதே திக்கென்றது. நம் ஆட்கள் ஜெபம் பண்ணுவோம் என்று சொன்னால் பாதி நேரம் அதற்கு 'என்னை விட்டுடு' என்று அர்த்தம்.

ஞாயிறு ஆராதனை ஒன்பது மணிக்கு. ஓட்டுக் கூரை, பாய் விரித்த தரை, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பூலாம்பாடி அம்மா எங்களுக்கு முன்வரிசையில், கழுத்தைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் பார்த்தபடி இருந்தார். பிரசங்கம், பேதுரு கடல் மேல் நடந்தது. ஐயருக்கு நல்ல குரல். "அலையப் பாக்காதீங்க, ஆண்டவரப் பாருங்க. விசுவாசம் இருந்தா தண்ணியும் தரைதான்" என்றார். நானும் உருகித்தான் போனேன்.

பிறகு திருவிருந்து. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பீடத்தின் முன்னால் எல்லாரும் முழங்கால் போடுவார்கள். அப்பம் கொடுத்துவிட்டு, ஒரே வெள்ளிப் பாத்திரத்திலிருந்து எல்லார் வாயிலும் திராட்சை ரசம் கொடுப்பார் ஐயர். முதலில் ஆண்கள், அப்புறம் பெண்கள். தேவசகாயம் ஆண்களோடு எழுந்தார். உபதேசியார், அதாவது ஐயருக்கு உதவியாக இருப்பவர், வந்து அவர் தோளைத் தொட்டு, "நீங்க கடைசில" என்றார். தொட்டதுகூடத் துண்டால்தான். தேவசகாயம் உட்கார்ந்துவிட்டார். அவர் மகள் ரூபி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெண்கள் எழுந்தபோது நானும் போனேன். சித்தி அசையவில்லை. எல்லாரும் எடுத்து முடித்த பிறகு தேவசகாயம் தனியாகப் போய் முழங்கால் போட்டார். அப்புறம் சித்தி எழுந்துபோய் அவருக்கு இடதுபக்கம், அவருக்கு அடுத்ததாக, முழங்கால் போட்டாள். ஐயர் அவருக்குக் கொடுத்தார். விளிம்பைத் துணியால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். வெள்ளி தேய்ந்துவிடும் போல இருந்தது. அப்புறம் சித்திக்குக் கொடுத்தார். அவள் குடித்தாள்.

இங்கேதான் ஐயர் ஒன்றை மறந்துபோயிருந்தார். அந்தச் சபையில் பாத்திரத்தில் மீதி இருந்தால் கடைசியாக ஐயர்தான் குடித்துத் தீர்க்க வேண்டும், கீழே கொட்டக் கூடாது. தேவசகாயத்தைக் கடைசியில் தள்ளினால் அவருக்குப் பின்னால் குடிக்க வேண்டியது தான்தான் என்று ஐயருக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது பாத்திரத்தை மூடி, கையோடு பக்கத்து அறைக்குள் கொண்டுபோய்விட்டார். கடல் மேல் நடக்கச் சொன்ன மனுஷன், ஒரு வாய் ரசத்துக்குப் பயந்தார். ஊருக்குத்தான் உபதேசம்.

வாசலில் பூலாம்பாடி அம்மா சித்தியைப் பிடித்துக்கொண்டார். "நீங்க குடிச்சதப் பாத்தேங்க. நீங்க நர்ஸு, ஒங்களுக்கு அது தொழிலு. பாத்திரத்துல மீதி இருந்துச்சே, அது என்ன ஆச்சு? அதச் சொல்லுங்க. நான் பையனுக்குப் பதில் சொல்லணும்."

பக்கத்தில் தேவசகாயம் மடங்கிய விரல்களை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்.

"இருங்க, பாத்துட்டு வரேன்" என்று சித்தி உள்ளே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அறையில் ஐயர் ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். பாத்திரம் கையில், ஜன்னல் திறந்திருந்தது.

"சிஸ்டர், எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றார்.

"அவருக்கு வியாதி இல்லைங்கய்யா. மருந்து குடுத்தவ நான் சொல்றேன்."

"இருந்தாலும்..."

"குடுங்க" என்று வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பாத்திரத்தைத் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தாள் சித்தி. வாசலுக்கு வந்து சொன்னாள்: "குடிச்சாச்சுங்க. சொட்டு இல்ல."

பின்னாலேயே ஐயர் காலிப் பாத்திரத்தோடு வந்து நின்றார். பூலாம்பாடி அம்மா அவரைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். கைகூப்பினார். "ஐயரே குடிச்சிட்டாரா. அப்பச் சரிங்க" என்று ரூபியின் தலையைத் தடவினார். ஐயர் வாயைத் திறக்கவில்லை. லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது சித்தியைப் பிடித்து உலுக்கினேன். "ஏன் சித்தி இப்படிப் பண்ணுன? அந்தாளுக்குப் போயி நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டியே?"

"நான் பொய் சொன்னேனா? குடிச்சாச்சுன்னேன். யாருன்னு அவங்க கேக்கல."

"கேக்காட்டி என்ன? சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ரூபி வூட்டோட நின்னுடுவாடி. ஆண்டவருக்குத் தெரியும், போதும்" என்று சேற்றில் முன்னால் நடந்தாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. சித்தி அதற்கும் போனாள். நான் கோபத்தில் போகவில்லை.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். அந்தச் சர்ச்சுக்குக் கான்கிரீட் கூரை போட்டுவிட்டார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அதே பாத்திரம். சபை கமிட்டிக்காரர் ஒருவர், நல்ல மனிதர், எனக்குக் காட்டினார். "குஷ்டம் வந்தவருக்கு அப்புறம் எங்க ஐயர் இதுல குடிச்சாரும்மா. அப்பேர்ப்பட்ட விசுவாசம். அன்னியிலேர்ந்துதான் ஊருல அந்தக் குடும்பத்தச் சேத்துக்கிட்டாங்க." நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பாவம் என்பது போலப் பார்த்து, "வயசாச்சுல்ல, மறந்திருப்பீங்க" என்றார். சித்தி இறந்து பல வருஷம் ஆகிறது. அவள் கல்லறையில் பேரைத் தவிர ஒரு வரி கிடையாது.

சரி, வழி. திருச்சியிலிருந்து அரியலூர் பஸ் பிடித்தால் கீழப்பழுவூரில் இறங்கலாம். காலையிலேயே போங்கள், கல்லில் வெளிச்சம் நன்றாக விழும். மத்தியானம் அரியலூரில் சாப்பிட்டுவிட்டுக் குன்னம், அங்கிருந்து பெரம்பலூர். ராத்திரிக்குள் திருச்சி திரும்பிவிடலாம். மழைக் காலத்தில் காட்டு வழி இறங்கினால் நல்ல செருப்பு போடாதீர்கள். குன்னம் பக்கம் யாராவது உங்களை ஒரு சர்ச்சுக்குக் கூட்டிப்போய் ஒரு வெள்ளிப் பாத்திரத்தைக் காட்டினால், மரியாதையாகப் பாருங்கள். கதையையும் முழுசாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, குடித்தது எஸ்தர் என்கிற நர்ஸ் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆண்டவருக்குத் தெரியும்னு நீ விட்டுட்ட சித்தி. எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல.