அலைக்கு இடம்

எதைக் கட்டினாலும் ஒரு பிடி தளர்த்திவிட்டுத்தான் செல்வநாதன் கையை எடுப்பார். துணிக்கொடி, கேபிள் வயர், மொபெட்டின் பிரேக் எல்லாம் அப்படித்தான். கொடியில் மனைவி பிலோமி காயப்போட்ட சேலை தரையைக் கூட்டிக்கொண்டிருக்கும். கேட்டால், "அலைக்கு எடம் உடணும் பிலோமி" என்பார். முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவர். இழுத்துக் கட்டிய படகை அலை தூக்கும்போது கயிறு அறுந்துபோவதைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். கடலுக்குப் போவதை விட்டுப் பல வருடங்களாகின்றன. பழக்கம் விடவில்லை.

இப்போது மரம் அறுக்கிறார். மழைக்காற்றில் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எந்தத் தெருவில் மரம் சாய்ந்தாலும் அவருக்குப் போன் வரும். மொபெட்டில் முன்னால் செயின் ரம்பம். பின்னால் ஆயில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பிலோமி. போய்ச் சேர்ந்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார், மரத்தூளுக்கு அதுதான் காப்பு. ரம்பத்தோடு பேசுவார். கிளம்பினால், "வா நைனா." கிளம்பாவிட்டால், "பேஜாரு பண்ணாதடா."

அந்த ரம்பத்தின் செயின் அடிக்கடி கழன்றுகொள்ளும். தூள் தட்டி மாட்டுவார், மறுபடி கழலும். புதுச் செயின் வாங்கிப் பார்த்தார். செயின் ஓடும் பட்டையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். "மெசின்லயே ஏதோ கோளாறு கீது" என்று முடிவுக்கு வந்திருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டையிலிருந்து கூப்பிட்டார்கள். சௌக்கத் அலியின் மகள் சைமாவுக்குக் கல்யாணம். விடியற்காலைக் காற்றில் பூவரச மரமொன்று அவர்கள் சந்தின் முனையில் குறுக்கே விழுந்திருந்தது. உள்ளே போக வேறு வழியும் கிடையாது, முட்டுச் சந்து. மாப்பிள்ளை வீட்டார் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரத்தைத் தாண்டி வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். தம் போட்ட பிரியாணி இருந்த பெரிய தேக்சாக்களால் அப்படித் தாண்ட முடியாது. அவை சந்து முனையில் டெம்போவிலேயே நின்றன.

"சீக்கிரம் நைனா. இன்னும் கொஞ்ச நேரம் போச்சுன்னா சோறு கொழைஞ்சிடும். கொழைஞ்ச சோத்தப் போட்டுட்டு சம்பந்தி மூஞ்சில எப்படி முழிக்கிறது?" சௌக்கத் அலி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிளைகள் எளிதாகப் போயின. அடிமரத்தில் வைத்ததும் செயின் கழன்றது. மாட்டினார். கழன்றது. மீண்டும் மாட்டியபோது சௌக்கத் அலி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னாபா, செயினு மால மாதிரி தொங்குது?"

"அலைக்கு எடம் உட்டுக்கீறேன் பாய்."

சௌக்கத் அலி சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். "இங்க எங்கப்பா அலை வருது?"

பிலோமி ஆயில் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நானும் கல்யாணம் ஆனதுலேர்ந்து இதத்தான் கேட்டுகினு கீறேன் பாய்."

செல்வநாதன் ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்திச் செயினைப் பார்த்தார். பட்டையின் நட்டுகளைத் தளர்த்தி, நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செயினை இறுக்கும் திருகைத் திருப்பினார். தொங்கிய செயின் பட்டையோடு ஒட்டியது. வழக்கப்படி கை திருகைப் பின்னுக்குத் திருப்பப் போனது. பிலோமி அந்தக் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கி, தானே நட்டுகளை முடுக்கி, அதைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் துணியால் செயினைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஓடியது, தொங்கவில்லை.

அடிமரம் துண்டு துண்டாக உருண்டது. செயின் ஒரு தடவைகூடக் கழலவில்லை. "அட, இதான் வோணுமாடா உனக்கு?" என்றார் ரம்பத்திடம்.

தேக்சாக்கள் உள்ளே போயின. மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்த சௌக்கத் அலி, சந்து முனைக்கே ஓடிவந்தார். "உதிரி உதிரியா கீது நைனா. கை கழுவிகினு வாங்க ரெண்டு பேரும்."

ரம்பத்தின் பக்கத்தில் குந்தியிருந்த செல்வநாதன் எழுந்திருக்கவில்லை. பிலோமியிடம் கை நீட்டினார்.

"ஸ்பானரக் குடு."

"மறுபடியுமாய்யா?"

"சூட்டுல இரும்பு நீண்டு கீது. ஆறுனா சுருங்கும். இப்படியே இறுக்கி உட்டா மெசின இழுத்துப் புடிச்சிக்கும்."

பிலோமி நம்பாமல் செயினைத் தொட்டாள். சுட்ட விரலை ஊதிக்கொண்டே, இடுப்பிலிருந்த ஸ்பானரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.