ஏழாம் பாட்டும் என் உச்சுக்கொட்டலும்

அயர்லாந்தில் புதிய இசைத்தொகுப்புகள் வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகின்றன. தென்காசியில் வெள்ளி மாலை என்றால், கோபுர வாயிற்காற்று பறிக்க முயலும் வேட்டியைப் பற்றிக்கொண்டு கோயிலுக்குள் நுழைவேன். மகளுடன் வாழ அயர்லாந்தின் கால்வே நகருக்கு வந்த பின், அதே மாலையில் குடையைப் பற்றிக்கொண்டு ஓர் இசைத்தட்டுக் கடைக்குள் நுழைகிறேன். முதன்முறை மழைக்கு ஒதுங்கியவன்தான். கடைக்காரர் டெக்லன் யாரென்றும் கேளாமல் நாற்காலியை இழுத்துப்போட்டுத் தேநீர் தந்தார். அந்த நாற்காலி இன்றளவும் எனக்குரியதாகவே இருக்கிறது.

அங்குக் கூடுவோர் அன்றைய தொகுப்பை முழுதும் கேட்டு, பின் ஒவ்வொருவராகக் கருத்துரைப்பர். கேட்கும்போது தலை அசையாது, விரல் தாளமிடாது. கருத்தும் பெரும்பாலும் "லவ்லி" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். நெடுங்காலம் தமிழாசிரியனாக இருந்து விடைத்தாள் திருத்திய எனக்கு அது போதவில்லை. ஒரு ராக் குழுவின் புதுத் தொகுப்பைக் கேட்டுவிட்டு, "எங்கள் குற்றாலப் பேரருவியில் வெள்ளம் வந்தால் காவலர் குளிக்க விடமாட்டார், எட்ட நின்று பார்க்கலாம். இதிலும் வியப்பு உண்டு, நனைய வழியில்லை" என்றேன். தாமே எழுதித் தாமே பாடும் ஒருவரது தொகுப்பைப் பற்றி, "சொல்லெல்லாம் அழகு, ஆயினும் எல்லாப் பாட்டிலும் தம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு பாட்டிலேனும் சன்னலைத் திறந்திருக்கலாம்" என்றேன். சிரித்தார்கள். அதன்பின் ஒவ்வொரு தொகுப்பும் முடிந்ததும் என் முகத்தையே பார்க்கலானார்கள். அயலான் சொல்லுக்கு இத்தனை மதிப்பா என்று நெகிழ்ந்தேன்.

ஈஃபா என்ற பெண் பகலில் அடுமனையில் ரொட்டி சுடுபவள். மாலையில் கிட்டாருடன் பாடுபவள். தன் முதல் தொகுப்பை இசைத்தட்டாக அச்சிட அனுப்புமுன் எங்கள் முன் ஒலிக்கச் செய்தாள். ஏழாம் பாட்டு, இறந்துபோன தாயின் மழையங்கியைப் பற்றியது. கதவுக்குப் பின் அது தொங்கிக்கொண்டே இருக்கிறது; எடுக்க யாருக்கும் மனமில்லை; மழை நாளில் மட்டும் அது ஈரமாய் இருப்பதுபோல் தோன்றுகிறது. திருவிழாவில் நாதசுரக்காரர் ஒரு சுரத்தில் நின்று குழைக்கும்போது எங்கள் ஊரார் என்ன செய்வார்களோ, அதையே நானும் செய்தேன். கண்களை மூடி, தலையை இடமும் வலமும் ஆட்டி, "ச்சு... ச்சு..." என்று உச்சுக்கொட்டினேன். அப்பாட்டைச் சொல்லால் கலைக்க விரும்பவில்லை. அன்று கருத்துரைக்காமலே வீடு திரும்பினேன்.

அடுத்த வெள்ளி டெக்லன் மெல்லச் சொன்னார்: "ஏழாம் பாட்டை ஈஃபா நீக்கிவிட்டாள். மற்றவர்கள் நாகரிகத்துக்காகப் புகழ்ந்தார்களாம்; உண்மையைக் காட்டியவர் நீங்கள் ஒருவர்தானாம். திங்களன்று அச்சுக்குப் போகிறது."

வீட்டில் மகளிடம் நடந்ததைக் கூறினேன். "என்னப்பா செஞ்சுட்டு வந்திருக்கிய! இங்கன தலைய அப்படி ஆட்டுனா வேண்டாம்னு அர்த்தம். அதோட உச்சு வேற கொட்டிருக்கிய! பாவம், அந்தப் பிள்ள!"

"நல்லிசை கேட்டால் தலை ஆடாதா, அம்மா?"

"பல் டாக்டரு மரத்துப்போச்சான்னு கேட்டதுக்கும் இப்படித்தான ஆட்டுனிய? அவரு இன்னொரு ஊசி போட்டாரு. அன்னைக்கே புரிஞ்சிருக்க வேண்டாமா?"

மறுநாள் முற்பகலில் அடுமனைக்குச் சென்று விளக்கினேன். ஈஃபா மாவுக் கையைத் துடைத்தபடி புன்னகைத்தாள். "நீங்கள் அன்பானவர். ஆறுதலுக்காகச் சொல்கிறீர்கள்" என்றாள். எத்தனை சொல்லியும் அவள் நம்பவில்லை. சொல்லையே தொழிலாகக் கொண்டிருந்தவன், சொல்லை நம்பிப் பயனில்லை என்று கண்டேன். பிறகு கைப்பேசியை எடுத்து, வீரகேரளம்புதூர் நண்பர் சண்முகையாவைக் காணொளியில் அழைத்தேன். ஓய்வுபெற்ற காவலரான அவர், சாரல் காலமாதலால் குற்றாலத்து ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு தேநீர்க் கடையில் நின்றார்.

"ஏ வாத்தியாரே! தண்ணி என்னமா விழுது தெரியுமா? நீரு அங்கன வெந்நியில குளிச்சிட்டுக் கெடக்கீரு!"

"அது கிடக்கட்டும். ஒரு பாட்டுக் கேளும்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. ஈஃபாவிடம் சொல்லி, அவள் கைப்பேசியில் அப்பாட்டை ஒலிக்கச் செய்தேன்.

அருவி இரைச்சலில் கேட்பதற்காக அவர் கைப்பேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். திரையில் ஈரக்காது ஒன்று மட்டுமே தெரிந்தது. சற்று நேரத்தில் அக்காது இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. அங்கியின் ஈரம் வந்த இடத்தில், "ச்சு... ச்சு..." என்ற ஒலி அடுமனை முழுதும் கேட்டது.

"பாஷை ஒரு எழவும் புரியல. ஆனா யாரு வேய் இந்தப் பிள்ள? நெஞ்சப் பிடிச்சு இழுக்காளே!"

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை; அவர் குரலின் குழைவே சொல்லிவிட்டது. ஈஃபா சிரித்தாள், பின் மாவு படாமலிருக்கக் கட்டியிருந்த துணியால் கண்களைத் துடைத்தாள். "அந்த ஒலியை எனக்குத் தருவீர்களா?" என்று என்னிடம் கேட்டாள். அன்று மாலையே அவள் அறையில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தேன்.

தொகுப்பு ஒரு வெள்ளிக்கிழமை வெளிவந்தது. வெளியே மழை, உள்ளே என் நாற்காலி. ஏழாம் பாட்டில், ஈரம் என்ற சொல்லுக்கும் அடுத்த அடிக்கும் இடையே, தென்காசியின் உச்சுக்கொட்டல் மெல்ல ஒலித்தது. கைகட்டி நின்ற டெக்லனின் தலை, தானறியாமல், இடமும் வலமும் அசைந்தது. நானோ கால்வே ஊரார் போலத் தலை அசைக்காமல், ஓசை எழுப்பாமல் அமர்ந்திருந்தேன்.